கே பிளாக்கின் எடையற்ற கயிறு

ஆற்றங்கரையிலிருந்து எங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்து ஊருக்கு வெளியே சதுப்பு நிலத்தில் கட்டிய அடுக்குமாடிகளில் இறக்கிவிட்டபோது, ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு லிப்ட் உண்டு என்று சொன்னார்கள், உண்டுதான், எங்கள் கே பிளாக்கில் அது முதல் மழைக்காலம் வரை ஓடியது, பிறகு நின்றது, பிறகு ஒரு நாள் ரிப்பேர் என்று அதன் கூண்டைக் கழற்றி எடுத்துப் போனார்கள், போனவர்கள் திரும்பவில்லை, தரையிலிருந்து ஏழாவது மாடி வரை செங்குத்தாக ஒரு வெறும் குழி மட்டும் மிச்சமிருந்தது, அதில் புறாக்கள் குடியேறின, அந்தக் குழிக்குள்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கயிறு தொங்கியது.

யார் கட்டியது என்று யாரும் ரொம்ப நேரம் கேட்கவில்லை, அன்று தண்ணீர் லாரி வரும் நாள், குடங்களை வரிசையில் வைக்க வேண்டும். ஒரு முனை தரைத்தளத்திலும் மறுமுனை ஏழாவது மாடியிலும் இருந்தது. மேலே எதன்மீது சுற்றி இறங்குகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தார்கள், கூரை தெரிந்தது, கப்பி தெரியவில்லை. கையில் பிடித்தால் கயிறு இருப்பது தெரிந்தது, அதன் எடை தெரியவில்லை. இரண்டாவது மாடி மும்தாஜ் அக்கா, "துணி காயப்போட ஆவுமா?" என்று கேட்டுக்கொண்டே அதை விரலால் ஒரு சுண்டு சுண்டினார், சுண்டிய கயிறு சத்தமே இல்லாமல் ஓடியது, வேகம் கூடவும் இல்லை குறையவும் இல்லை, முனை தீரும்வரை ஓடிக்கொண்டே இருந்தது, மும்தாஜ் அக்கா "துணிக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மதியத்துக்குள் உட்காருவதற்கு முனைக்கொரு பலகை கட்டிவிட்டார்கள். சாரத்தில் தொங்கியே பழகிய பெயிண்டர் கோதண்டம் ஏழாவது மாடியில் உட்கார, கீழே பலகையில் ஒரு தண்ணீர்க் குடத்தை வைத்தார்கள். கோதண்டம் கல் மாதிரி வந்து விழுந்தார், குடம் பறந்துபோய்க் கூரையில் மோதி உடைந்தது, கால் முறிந்து கிடந்தவர்மீது குடத்துத் தண்ணீர் முழுவதும் மழையாகக் கொட்டியது. மறுநாள் கட்டுப் போட்ட காலோடு நாற்காலியில் உட்கார்ந்தபடி என்னைக் கூட்டிவரச் சொல்லி அனுப்பினார்.

"நிரோஷா, நீதான் இந்த பிளாக்குலயே படிச்ச பொண்ணு. இதுக்கு எதுனா கணக்கு கீதா?"

இருந்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், பி.எஸ்சி இயற்பியல், வேலை கிடைக்கும்வரை என்று சொல்லிக்கொண்டு ஐந்தாவது மாடியில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன், அதே வாரம் அதே கணக்கைத்தான் நடத்தியும் இருந்தேன். எடையற்ற, நீளாத கயிறு ஒன்று உராய்வற்ற கப்பியின்மீது செல்கிறது என்க, அதன் இரு முனைகளிலும் இரு நிறைகள் தொங்குகின்றன என்க. இப்படி ஒரு கயிறு உலகத்தில் கிடையாது, கணக்குக்காக அப்படி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என்று கல்லூரியில் எங்கள் பேராசிரியர் சொல்லியிருந்தார், நாங்களும் வைத்துக்கொண்டோம். எனக்கு எதிலும் பயம், சரியான விடையைக்கூட இரண்டு முறை சரிபார்த்த பிறகும் அழித்துவிட்டு எழுதுகிறவள் நான், இருந்தாலும் அன்று சுவரில் சாக்பீஸால் ஒரு வட்டமும் இரண்டு கட்டங்களும் வரைந்து, இரண்டு எடைகளின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்துப் புவியீர்ப்பால் பெருக்கினால் எவ்வளவு வேகமாக வேகம் ஏறும் என்பது வரும் என்றேன்.

"நம்ம பாஷைல சொல்லு டீச்சர்."

"ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே எடையா இருக்கணும். இறங்குற பக்கம் கொஞ்சூண்டு கூட. அப்பதான் மெதுவா போகும்."

"அத்த மொதல்லயே சொல்லியிருந்தா என் காலு தப்பிச்சிருக்கும்ல," என்றார் கோதண்டம்.

கயிற்றுக்கும் சில பிடிவாதங்கள் இருந்தன, அவற்றைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். மேலே போவது எதுவாகவும் இருக்கலாம், குடமோ சிலிண்டரோ கட்டிலோ ஆளோ, ஆனால் கீழே இறங்குவது ஆளாகத்தான் இருக்க வேண்டும், புத்திசாலித்தனமாக மணல் மூட்டையை மேலிருந்து இறக்கப் பார்த்தவர்களுக்குக் கயிறு அசைந்துகூடக் கொடுக்கவில்லை, மடியில் செங்கல்லை வைத்துக்கொண்டு இறங்க உட்கார்ந்தவரிடம் அது செங்கல்லைக் கணக்கில் சேர்க்கவில்லை, ஒரு பலகையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் முடிச்சு தானாக அவிழ்ந்துகொண்டது. ஆகவே யாராவது ஒருவர் மேலே போக வேண்டுமென்றால் இன்னொருவர் கீழே வர வேண்டும், கீழே வருகிறவர் அதற்கு முன் தன் காலால் படியேறி மேலே போயிருக்க வேண்டும். ஏறுகிற உழைப்பைக் கயிறு இல்லாமல் ஆக்கவில்லை, ஒருவருக்காக இன்னொருவர் ஏறலாம் என்று மட்டும் ஆக்கித் தந்தது. இதைக் கே பிளாக் ஒரு வாரத்தில் புரிந்துகொண்டது, புரிந்துகொண்டவுடன் யார் ஏறுவது என்று சண்டை வரும் என்று நான் பயந்தேன், வந்த சண்டை வேறு.

எடையை யாரும் சரியாகச் சொல்லவில்லை. ஆண்கள் கூட்டிச் சொன்னார்கள், பெண்கள் குறைத்துச் சொன்னார்கள், கல்யாணம் ஆகாதவர்கள் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்ன எடையையே என்னிடமும் சொன்னார்கள், பலகைகள் தாறுமாறாகப் பறந்தன. கடைசியில் பழைய இரும்புக் கடையிலிருந்து ஓர் எடை மெஷினை வாங்கி வந்து குழியின் வாசலில் சாக்குத்துணியால் மறைப்புக் கட்டி, உள்ளே என்னைத் தவிர யாரும் இருக்கக் கூடாது, பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்று முடிவு செய்தார்கள். அன்று முதல் அந்தப் பிளாக்கில் உள்ள எல்லோருடைய எடையும் எனக்குத் தெரியும், நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போதும் சொல்ல வேண்டிய ஒருவருடையதைத் தவிர வேறு எதையும் சொல்லப்போவதில்லை.

அவர் தேசம்மா. தரைத்தளத்தில் குடியிருந்தவர், காலையில் மார்க்கெட்டில் மீன் வெட்டிவிட்டு மதியம் வீட்டுக்கு வந்துவிடுவார், அவருக்கு எந்த மாடியிலும் எந்த வேலையும் கிடையாது. பிளாக்கிலேயே அதிக எடை அவருடையது. ஆற்றங்கரையில் இருந்த நாளிலேயே அவருக்குத் தண்ணி லாரி என்று பெயர் வைத்தவர் குணசீலன் அண்ணன், அப்போது அவர் மூட்டை தூக்குகிறவர், தோள் அகலம், வாய் அதைவிட அகலம். பிறகு அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டுப்போயின. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும், வந்து ஏழாவது மாடி ஏற வேண்டும். கயிறு வருவதற்கு முன்பு ஒரு சாயங்காலம் நான்கு பேர் அவரை நாற்காலியில் தூக்கிக்கொண்டு போனபோது ஒருவர் வழுக்கி, அவரும் நாற்காலியும் நான்காவது மாடிப் படிக்கட்டில் சரிந்தார்கள், அங்கேயே உட்கார்ந்துகொண்டு அவர் தன் மனைவி எலிசாவிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்: "இனிமே என்ன யாரும் தூக்க வேணாம். என்னிக்கு என் வூட்டுக்கு ஏற முடியலியோ, அதுக்கு அப்பறம் நான் கீழ எறங்க மாட்டேன். ஆஸ்பத்திரியும் வேணாம், ஒண்ணும் வேணாம்." போகாமல் விட்டால் என்ன ஆகும் என்பது எலிசா அண்ணிக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும்.

கயிறு வந்த பிறகு குணசீலன் அண்ணனை ஏற்றுவதற்கு யார் இறங்குவது என்று கூடிப் பேசியபோது தேசம்மா சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

"டேய் குணா, யார்றா லாரி?"

"நீதாங்க்கா."

"லாரி இல்லாம தண்ணி வருமா? நீ வருவியா? உக்காரு."

அப்படித்தான் அது தொடங்கியது. குணா அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சேரும் நேரம் பார்த்துத் தேசம்மா முட்டி கரகரக்க ஏழு மாடி ஏறுவார், மேலே போய்ப் பலகையில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார், நான் கீழே குணா அண்ணனின் எடையைப் பார்த்து, மிச்சத்தைக் குடங்களால் நிரப்பி, சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்து, கடைசியில் ஒரு சொம்பு குறைத்துவிட்டு "சரி" என்று கத்துவேன், பலகை கோயில் தேர் அசைகிற மாதிரி அசைந்து கிளம்பும். குணா அண்ணனும் அவரைச் சுற்றித் தண்ணீர்க் குடங்களுமாக மேலே போவதை ஒவ்வொரு மாடியிலும் வாசலில் நின்று பார்ப்பார்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் காலைகளில் உடம்பில் ஊறிய நீரோடு அவர் கனமாக இறங்குவார், அவர் இறங்கும் பலத்தில் மேல்மாடிக் குடங்கள் ஏறும், "எம் புண்ணியத்துல குளிக்கிறீங்கடா" என்று ஒவ்வொரு மாடியையும் பார்த்துச் சொல்லிக்கொண்டே போவார், பல மாதங்களுக்குப் பிறகு அவருடைய வாய் அகலமானது அப்போதுதான்.

தேசம்மா அவரோடு நிறுத்தவில்லை. பிள்ளைத்தாச்சிப் பெண்களுக்கு, இடுப்பு ஒடிந்தவர்களுக்கு, பீரோவுக்கு, பிணம் எடுக்க வந்த பெட்டிக்கு, எல்லாவற்றுக்கும் ஏறினார். வீடு கொடுத்த வாரியத்திலிருந்து கயிற்றை விசாரிக்க வந்த இன்ஜினியர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, இது சட்டப்படி தவறு என்று சொல்லிவிட்டு, ஆறாவது மாடியைப் பார்க்க வேண்டும், யாராவது இறங்குகிறீர்களா என்று கேட்டார், அவருக்காகவும் தேசம்மா ஏறி இறங்கினார். பிளாக்கில் அவரை லாரி என்று கூப்பிட்டவர்கள் அவருக்கு வழி விட்டார்கள். எந்த வீட்டில் நல்லது சமைத்தாலும் ஒரு கிண்ணம் அவருக்குப் போனது, "துன்னுக்கா, நீ எளைச்சா நாங்க எப்பிடி ஏர்றது" என்று பிரியாணியும் பாயாசமும் வைத்துவிட்டுப் போனார்கள். மேலே போவதற்கு எல்லோருக்கும் தேசம்மா இருந்தார். தேசம்மா மேலே போகத்தான் யாரும் இல்லை, அவரைத் தூக்கும் அளவுக்கு எடை உள்ளவர் பிளாக்கிலேயே கிடையாது, ஆகவே கயிற்றில் அவர் இறங்கியிருக்கிறாரே தவிர ஒரு நாளும் ஏறியதில்லை. அதை நான் கவனித்தேன், மற்றவர்களும் கவனித்திருக்கலாம்.

படிகள் அவரைத் தின்றன. ஒரு வருடத்தில் குணா அண்ணனோடு ஏறும் குடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன, கோடைகாலத்தில் பாதி ஆயின, ஐப்பசி தொடங்கும்போது ஒரு குடம்தான் அவரோடு போனது. ஒரு நாள் சாக்கு மறைப்புக்குள் தேசம்மா மெஷினில் நின்றபோது முள்ளை இரண்டு முறை பார்த்தேன். குணா அண்ணனைவிடக் கூட இரண்டு மூன்று கிலோதான் இருந்தது.

"வெளிய சொல்லாத கண்ணு," என்றார் தேசம்மா. "சொன்னா அவன் வர மாட்டான்."

"நீங்க இவ்ளோ ஏறக் கூடாது அத்த. வேற யாரையாவது..."

"மத்தியானத்துல யார் கீறாங்க? அல்லாம் வேலைக்குப் போயிருக்கும். நான் இன்னா, ரெண்டு வேள கூடத் துன்றேன்."

தின்றார். ஏறினார். இளைத்தார். ஒவ்வொரு முறையும் நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன், வித்தியாசம் சுருங்கிக்கொண்டே வந்தது.

பெருமழை பெய்த அன்று குணா அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். அங்கே கரண்ட் போய், பாதியிலேயே ஊசியைக் கழற்றி, மிச்சத்துக்கு நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டார்கள். தரைத்தளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர், அங்கே குடியிருந்தவர்கள் பாத்திரம் பண்டத்தோடு மேல் மாடிகளுக்குப் போயிருந்தார்கள், வேலைக்குப் போனவர்கள் பஸ் இல்லாமல் எங்கெங்கோ நின்றிருந்தார்கள், அவர்களையும் சேர்த்துப் பிளாக்கில் இருந்தது குழந்தைகளும் கைக்குழந்தைக்காரிகளும் நானும் தேசம்மாவும்தான். எலிசா அண்ணி அவரைத் தாங்கிப்பிடித்துக்கொண்டு வந்து மெஷினில் நிறுத்தினார். நான் முள்ளைப் பார்த்தேன். வெளியேறியிருக்க வேண்டிய நீர் முழுவதும் அவருக்குள்ளேயே இருந்தது. காலையில் தேசம்மாவிடம் பார்த்த எடையைவிட இவர் கூட இருந்தார்.

பையை வாங்கினோம், செருப்பைக் கழற்றினோம், ஈரச் சட்டையையும் துண்டையும் பிழிந்து கீழே போட்டோம். அப்படியும் கூட. ஏற்கனவே மேலே ஏறிப் பலகையில் உட்கார்ந்திருந்த தேசம்மா குழிக்குள் குரல் கொடுத்தார்.

"இன்னாடி, ஏன் அசையல?"

சொல்லாமல் இருக்க முடியவில்லை. "கொஞ்சம் பத்தல அத்த," என்றேன்.

குணா அண்ணன் என்னைப் பார்த்தார், பிறகு மேலே பார்த்தார், எல்லாம் புரிந்துபோன முகத்தோடு பலகையிலிருந்து எழுந்திரிக்கப் பார்த்தார். "வுட்ருங்க. அந்தம்மாவ எறங்கச் சொல்லு. நான் சொன்னது சொன்னதுதான் எலிசா."

எலிசா அண்ணி அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார். அழவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சைத் தாளைப் பார்க்கிற மாதிரி.

"எவ்ளோ பத்தலன்னு சொல்லு!" என்று மேலிருந்து தேசம்மா கத்தினார். சொன்னேன். இறங்குகிறவர் மடியில் வைக்கும் எதையும் கயிறு சேர்க்காது, ஆனால் வயிற்றில் இருப்பதைச் சேர்க்கும், இதை நான் யோசிப்பதற்குள் அவர் யோசித்துவிட்டார். ஏழாவது மாடிப் பெண்கள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க, அவர் குடித்தார். ஒரு சொம்பு அரைக் கிலோ. நான் கீழிருந்து எண்ணிக்கொண்டே இருந்தேன், அவர் குடித்துக்கொண்டே இருந்தார், ஒரு சொம்புக்கும் அடுத்த சொம்புக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, "டேய் குணா, நீ குடிக்கக் கூடாத தண்ணியெல்லாம் உனக்காவ நாந்தான்டா குடிக்கிறேன்," என்றார்.  ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாத குணா அண்ணன் முகத்தை மூடிக்கொண்டார்.

"அவ்ளோதான்," என்று கடைசியில் மேலிருந்து மெல்லிய குரல் வந்தது. "இன்னும் ஒரு மடக்கு உள்ள போனா அல்லாம் வெளிய வந்துரும்."

நான் குணா அண்ணனின் பலகைக்கு அடியில் ஒரு விரலை வைத்துப் பார்த்தேன். அவ்வளவு பெரிய மனிதர் உட்கார்ந்திருந்த பலகை என் விரலில் இறகு மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் சமம், மயிரிழை பிசகாமல் சமம், மேலேயும் போகவில்லை, கீழேயும் அழுத்தவில்லை. வித்தியாசம் பூஜ்யம், பூஜ்யத்தை எதால் வகுத்தாலும் பூஜ்யம், எதால் பெருக்கினாலும் பூஜ்யம்.

"இன்னா வருது கணக்கு?" என்று எலிசா அண்ணி கேட்டார்.

"பூஜ்யம்," என்றேன்.

மழைச் சத்தத்தில் அந்தச் சொல் எல்லா மாடிக்கும் எப்படிக் கேட்டது என்று தெரியவில்லை, குழியின் ஓரங்களில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த முகங்கள் எல்லாம் வாடின.  வழக்கம்போல இரண்டாவது முறை சரிபார்த்தேன், வழக்கம்போல விடை சரியாகத்தான் இருந்தது, அப்போதுதான் அந்த விடை என்ன சொல்கிறது என்பதைப் படித்தேன். அது முடுக்கத்தின் விடை. வேகத்தின் விடை இல்லை. முடுக்கம் பூஜ்யம் என்றால் வேகம் மாறாது என்று மட்டும்தான் அர்த்தம், நிற்பது நின்றுகொண்டே இருக்கும், போவது போய்க்கொண்டே இருக்கும். பிள்ளைகளுக்கு நூறு முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மும்தாஜ் அக்கா சுண்டிவிட்ட கயிறு முனை தீரும்வரை ஓடியதை என் கண்ணால் பார்த்தும் இருக்கிறேன்.

"அண்ணி, பலகையத் தள்ளுங்க. மேல பார்த்து. மெதுவா, ஒரே ஒரு தடவ."

எலிசா அண்ணி இரண்டு உள்ளங்கைகளையும் பலகைக்கு அடியில் வைத்துக் குழந்தையைத் தூக்கிவிடுகிற மாதிரி ஒரு தள்ளு தள்ளிக் கையை எடுத்தார். பலகை போனது. கையை எடுத்த பிறகும் போனது. வேகம் கூடவில்லை, குறையவில்லை, எலிசா அண்ணியின் கை என்ன வேகம் கொடுத்ததோ அதே வேகத்தில், முதல் மாடியைத் தாண்டி, இரண்டாவது மாடியைத் தாண்டி, கைக்குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற பெண்களைத் தாண்டி, புறாக்களைத் தாண்டிப் போனது. மேலிருந்து தேசம்மா அதே வேகத்தில் வந்தார். பாதி வழியில் இருவரும் எதிர்ப்பட்டபோது குணா அண்ணன் அவரை நோக்கிக் கையை நீட்டினார்.

"கையப் பிடிக்காதீங்க! நின்னுரும்!" என்று நான் அலறினேன்.

அவர் நீட்டிய கையை இழுத்து, இன்னொரு கையோடு சேர்த்துக் கும்பிட்டார்.

"கும்புடு அப்பால போடலாம்," என்றார் தேசம்மா, வாயைத் திறந்தால் தண்ணீர் வந்துவிடும் என்கிற ஜாக்கிரதையோடு. "கயித்தப் பிட்சிக்கோ."

குணா அண்ணன் மேலே போய்ச் சேர்ந்தார். தேசம்மா தன் வீட்டு வாசலில் தேங்கியிருந்த தண்ணீரில் வந்து இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு, குடித்ததில் பாதியை அந்த வெள்ளத்திலேயே வாந்தி எடுத்தார். நான் முதுகைத் தடவிவிட்டேன். அந்த முதுகில் எலும்பு தட்டுப்பட்டது.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. குணா அண்ணன் தானாகவே ஏழாவது மாடியில் பலகைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார் என்று மேலிருந்து சொன்னார்கள். நான் வழக்கம்போலக் கீழே குடங்களைத் தூக்கி வைக்கப் போனேன்.

"குடம் வேணாம்," என்று அவர் குரல் குழிக்குள் இறங்கி வந்தது. "அந்தம்மாவ உக்கார வை."

தேசம்மா மீன் வெட்டும் கத்தியைப் பையில் போட்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "எனக்கு மேல இன்னா வேல?" என்றார்.

"வேல இல்லாம போக்கூடாதா? ஏறுக்கா."

அவருடைய எடையை நேற்று பார்த்திருந்தேன், தேசம்மாவுடையதை மறைப்புக்குள் அப்போது பார்த்தேன், வித்தியாசத்துக்குத் தேசம்மாவின் மடியில் ஒரு சின்னக் குடத்தை வைத்து, சொம்பு சொம்பாக ஊற்றி, கடைசிச் சொம்பைக் குறைத்தேன். அவர் பலகையின் இரண்டு பக்கமும் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இத்தனை நாள் இறங்கிய அதே கயிற்றைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி அண்ணாந்து பார்த்தார். கால் தரையை விட்டபோது "அய்ய" என்றார்.  ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள், வேலைக்குப் போக வேண்டியவர்களும் நின்றிருந்தார்கள், யாரும் கைதட்டவில்லை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள் துலக்குவதை நிறுத்தினார்கள். குணா அண்ணன் இறங்க இறங்கத் தேசம்மா சிறிதாகிச் சிறிதாகி மேலே போனார்.

குணா அண்ணனின் கால் என் பக்கத்தில் தரையைத் தொட்டது. எலிசா அண்ணி படியில் ஓடி வந்து ஆஸ்பத்திரிப் பையோடு நின்றார். குணா அண்ணன் எழுந்திரிக்காமல் அண்ணாந்து கத்தினார்.

"லாரி வந்து சேந்துச்சா?"

மேலே வெளிச்சத்தில் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"சேந்துச்சிடா," என்றது குரல். "நீ ஆஸ்பத்திரிக்குப் போ."